உறுதியில் எழுதாத உரிமை

ஒரு காணி யாருக்குச் சொந்தம் என்று ஐயம் எழுந்தால், "உறுதியை எடுத்துப் பார்" என்பார்கள் நம் பெரியவர்கள். உறுதியில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உடையவர். அவர் அதை ஆளலாம், விற்கலாம், அதன்மேல் நிற்கும் கட்டடத்தை இடித்தும் தள்ளலாம். சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. ஆயினும், உறுதியில் பெயர் இல்லாத பல்லாயிரம் மக்கள், "இது எங்கள் இடம்" என்று தலைமுறை தலைமுறையாக உரிமை பாராட்டிய இடங்களும் உலகில் உண்டு. அத்தகைய இடம் ஒன்று கைமாறும்போது அந்த மக்களின் உரிமை என்னவாகிறது?

இவ்வாரம் நேயர்களை நாம் அழைத்துச் செல்லும் இடம், இக்கேள்வியை எழுப்பிவிட்டு மறைந்துபோன ஒரு விளையாட்டு மைதானம். அமெரிக்காவில், நியூயோர்க் நகரின் புறூக்லின் பகுதியில் 1913ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, 1960ஆம் ஆண்டு இடிக்கப்பட்ட எபெற்ஸ் பீல்ட் என்னும் பேஸ்போல் மைதானமே அது.

பேஸ்போல் என்றவுடன் நம்மிற் பலர் அது நமக்கு எட்டாத ஆட்டம் என்று ஒதுங்கிவிடுவதுண்டு. அவ்வாறு அஞ்ச வேண்டியதில்லை. கட்சிக்கு ஒன்பது பேர். ஒருவர் பந்தெறிய, எதிர்க்கட்சியார் ஒருவர் உருண்டை மட்டையால் அதை அடித்துவிட்டு ஓட வேண்டும். சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு தளங்கள். ஒரு தளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. நான்கையும் சுற்றி வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். பந்து மதிலுக்கு அப்பாற் போய்விட்டால் அவசரமின்றிச் சுற்றி வரலாம். நம் நாட்டு எல்லே ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய புதுமையாகத் தோன்றாது.

குப்பைமேட்டில் ஒரு மாளிகை

புறூக்லின் முன்னொரு காலத்தில் தனி நகரமாயிருந்தது. 1898ஆம் ஆண்டு அது நியூயோர்க்குடன் இணைக்கப்பட்டது. நகராட்சி போயிற்று, ஆனால் "நாங்கள் புறூக்லின்காரர்" என்னும் எண்ணம் போகவில்லை. அந்த எண்ணத்துக்கு எஞ்சியிருந்த அடையாளங்களில் முதன்மையானது அவர்களுடைய பேஸ்போல் கழகம். வீதிகளில் விரைந்தோடிய ட்ராம் வண்டிகளுக்குத் தப்பி விலகி நடப்பவர்கள் என்று புறூக்லின் மக்களை அக்காலத்தில் கேலி செய்வார்கள். அந்தக் கேலிப் பெயரே கழகத்துக்கும் ஒட்டிக்கொண்டு டொட்ஜர்ஸ் என்று நிலைத்துவிட்டது.

அதே 1898ஆம் ஆண்டில் அக்கழகத்தின் தலைவரானவர் சாள்ஸ் எபெற்ஸ். கணக்கெழுதியும், நுழைவுச்சீட்டு விற்றும் அதே கழகத்தில் கீழிருந்து உயர்ந்தவர் அவர். பழைய மர மைதானம் போதாதென்று கண்ட அவர், பிக்டவுன் எனப்பட்ட ஓரிடத்தைத் தெரிந்தெடுத்தார். பன்றியூர் என்பது அதன் பொருள். குப்பை கொட்டும் பள்ளமும், அதில் மேயும் பன்றிகளும், சுற்றிலும் ஏழைகளின் குடிசைகளுமாக இருந்த இடம் அது. 1908ஆம் ஆண்டு தொடக்கம் அங்கு காணிகளைத் துண்டு துண்டாக, தம் பெயர் வெளியே தெரியாமல் வாங்கினார். தெரிந்தால் விலை ஏறிவிடும் அல்லவா? கட்டட வேலைக்குக் கைப்பணம் போதாமற் போகவே, மக்கீவர் சகோதரர்கள் என்னும் ஒப்பந்தகாரருக்குக் கழகத்தில் பாதிப் பங்கையும் கொடுத்தார்.

1913 ஏப்ரலில் மைதானம் திறந்தது. நுழைவாயிலில் இத்தாலியச் சலவைக்கல் பதித்த வட்ட மண்டபம். அதன் குறுக்களவு 80 அடி. தரையிலே பேஸ்போல் பந்தின் தையலைப் போன்ற கோலம். மேலே தொங்கிய சரவிளக்கின் பன்னிரண்டு கைகளும் மட்டை வடிவம். அவை தாங்கிய கண்ணாடிக் குமிழ்கள் பந்து வடிவம். இத்தனை சிங்காரித்தும், திறப்பு நாளில் ஒரு பகுதி வாயிலின் திறப்பைக் கொண்டுவர மறந்துபோனார்கள் என்றும், ஏற்றுவதற்குக் கொடியும் இல்லை என்றும், பத்திரிகையாளருக்கு இருக்கை அமைக்கவே நினைவு வரவில்லை என்றும் சொல்வதுண்டு. அந்த மைதானத்தின் குணம் முதல் நாளே வெளிப்பட்டுவிட்டது எனலாம். முதலாவது முறையான ஆட்டம் ஏப்ரல் 9ஆம் திகதி பிலடெல்பியாக் கழகத்துடன் நடைபெற்றது. டொட்ஜர்ஸ் தோற்றது.

நெருக்கத்தின் அருமை

பெரிய மைதானங்களின் கணக்கில் எபெற்ஸ் பீல்ட் சிறியது. பின்னர் விரிவாக்கியபோதும் ஏறக்குறைய 32,000 பேருக்கே இடமிருந்தது. நாற்புறமும் தெருக்கள் நெருக்கியமையால் ஆட்டத்திடலும் சுருங்கியது. வலப்பக்க மதில் 297 அடித் தூரத்திலேயே எழுந்து நின்றது. அந்தக் குறையை ஈடுசெய்யச் சுவரும் அதன்மேற் கம்பி வலையுமாக 38 அடி உயரத்துக்குத் தடுப்பு அமைத்தார்கள். அதற்கும் மேலாகப் பறக்கும் பந்து பெட்போட் அவெனியூ என்னும் தெருவில் விழும். அதற்காகவே தெருவில் சிறுவர் கூட்டம் ஒன்று காத்து நிற்கும். உள்ளே செல்லக் காசில்லாத பிள்ளைகள், வாயிற் கதவின் அடியிலிருந்த இடைவெளியூடாகத் தரையிற் படுத்தபடி ஆட்டம் பார்ப்பார்கள்.

இந்த நெருக்கந்தான் மைதானத்தின் பெருமைக்குக் காரணமாயிற்று. முன்வரிசையில் இருப்பவருக்கு ஆட்டக்காரரின் முகத்து வியர்வை தெரியும். ஆட்டக்காரருக்கு அவரைத் திட்டுகிறவரின் குரல் தெரியும். ஹில்டா செஸ்டர் என்னும் பெண்மணி மாட்டின் கழுத்து மணியொன்றைக் கொண்டுவந்து ஓயாமல் ஆட்டுவார். அயலவர் சிலர் தாமாகவே கூடி அமைத்த வாத்தியக் குழு ஒன்று இருந்தது. இசை ஞானம் அவர்களிடம் எதிர்பார்க்கலாகாது. எதிர்க்கட்சி ஆட்டக்காரர் ஆட்டமிழந்து திரும்பும்போது அவர் நடைக்கு இசைவாக வாசித்து வருவார்கள். அவர் பலகையில் உட்காரும் அதே கணத்திற் பெரிய மேளத்தை ஒரு போடு போடுவார்கள். அதைத் தவிர்க்க உட்காராமல் நின்று பார்த்தவர்களும் உண்டாம்.

ஏப் ஸ்ராக் என்னும் தையற்கடைக்காரர், ஓட்டப் பலகையின் அடியில் ஒரு விளம்பரம் எழுதி வைத்திருந்தார். அதன்மேல் நேராகப் பந்தை அடிக்கும் ஆட்டக்காரருக்கு ஓர் உடுப்பு இனாம் என்பதே செய்தி. ஆனால் விளம்பரம் தரையை ஒட்டியிருந்தது. அதற்கு முன்னே வல்லவரான தடுப்பாளர் ஒருவர் எப்போதும் நின்றார். ஆகவே தையற்காரருக்கு அதிக நஷ்டம் வரவில்லை. அந்த விளம்பரத்தால் ஊரறிந்த மனிதராகிய அவர், 1962ஆம் ஆண்டு புறூக்லின் பகுதியின் தலைவராகவே பதவியேற்றார்.

இத்தனை அன்பு காட்டிய மக்களுக்குக் கழகம் கைம்மாறாகக் கொடுத்தது பெரும்பாலும் தோல்வியே. உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டிக்கு 1916, 1920, 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் முன்னேறி, ஏழு முறையும் தோற்றது. அவற்றுள் ஐந்து தோல்விகள் அதே நகரத்து யாங்கீஸ் கழகத்திடம். "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பது புறூக்லின் வீடுகளில் ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது.

1947ஆம் ஆண்டின் ஒரு நாள்

சிரிப்புக்கிடமான இந்த மைதானத்தில் சிரிப்புக்கிடமல்லாத ஒரு காரியமும் நடந்தது. அமெரிக்காவின் தலைமைப் பேஸ்போல் கழகங்களில், 1880களுக்குப் பின்னர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கறுப்பின ஆட்டக்காரருக்கு இடமிருக்கவில்லை. சட்டப் புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. எல்லோரும் கூடி எழுதாமலே காத்துவந்த விலக்கு அது. எழுதாத கட்டுப்பாடுகளின் கொடுமை எத்தகையது என்பதை நம் சமூகத்தாருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

புறூக்லின் கழகத்தின் நிர்வாகியாக இருந்த பிறாஞ்ச் றிக்கி 1945ஆம் ஆண்டு ஜாக்கி றொபின்சன் என்னும் கறுப்பின இளைஞருடன் ஒப்பந்தம் செய்தார். ஓராண்டு கனடாவின் மொன்றியல் நகரத்தில் ஆடிய பின்னர், 1947 ஏப்ரல் 15ஆம் திகதி, 42 என்னும் இலக்கம் பொறித்த சட்டையுடன் றொபின்சன் எபெற்ஸ் பீல்டிற் கால் வைத்தார். அன்று வந்திருந்த 25,000க்கும் மேற்பட்ட மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர் என மதிப்பிடப்பட்டது. அன்றைக்கு அவர் மட்டையாற் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. ஆயினும் ஏழாவது சுற்றில் எதிர்க்கட்சியின் தவறொன்றினால் தளம் சேர்ந்து, கழகத்தை முன்னணிக்குக் கொண்டுவந்த ஓட்டத்தைப் பெற்றார். டொட்ஜர்ஸ் 5க்கு 3 என வென்றது.

ஒரு வாரத்தில் பிலடெல்பியாக் கழகத்தார் அங்கு ஆட வந்தார்கள். அவர்களுடைய முகாமையாளரும் வேறு சிலரும் றொபின்சனை நோக்கி எழுதக் கூசும் சொற்களைச் சொரிந்தார்கள். திருப்பிப் பேசுவதில்லை என்று றிக்கிக்கு வாக்குக் கொடுத்திருந்த றொபின்சன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அப்பொழுது எடி ஸ்ராங்கி என்னும் வெள்ளையின ஆட்டக்காரர் எழுந்து, திருப்பிப் பதில் சொல்லக்கூடிய ஒருவரிடம் உங்கள் வீரத்தைக் காட்டுங்கள் என்ற கருத்துப்பட அவர்களைக் கண்டித்தார். கழகத்துக்குள் றொபின்சனை வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். அவர்களுட் சிலர் நாளடைவில் மனம் மாறினர். சிலர் வேறு கழகங்களுக்குப் போயினர்.

இதிலே மைதானத்துக்கு என்ன பங்கு என்று மாணவர்கள் கேட்கலாம். யூதர், இத்தாலியர், ஐரிஷ்காரர், கறுப்பினத்தவர் எனப் பலவகை மக்களும் தத்தம் தெருக்களிற் பிரிந்து வாழ்ந்த ஊர் புறூக்லின். அவர்கள் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து, ஒரே மனிதனுக்காக ஒரே நேரத்தில் எழுந்து நின்று கத்த வேண்டியிருந்த இடம் அந்த நெருக்கமான மைதானம். அங்கு உட்கார்ந்தவரெல்லாம் நல்லவராகிவிட்டார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பிரசங்கங்களால் ஆகாத பழக்கம் ஒன்று அங்கு ஏற்பட்டது என்பதில் ஐயமில்லை.

1955ஆம் ஆண்டு எட்டாவது முறையாக உலகத் தொடர். மீண்டும் அதே யாங்கீஸ். முதலிரண்டு ஆட்டங்களிலும் தோற்ற டொட்ஜர்ஸ், எபெற்ஸ் பீல்டில் நடந்த அடுத்த மூன்று ஆட்டங்களிலும் வென்றது. அக்டோபர் 4ஆம் திகதி, யாங்கீஸின் மைதானத்தில் நடந்த ஏழாவது ஆட்டத்தில், இருபத்துமூன்று வயதான ஜொனி பொட்றஸ் பந்தெறிய 2க்கு 0 என வெற்றி கிடைத்தது. புறூக்லின் வீதிகள் அன்றிரவு உறங்கவில்லை. அடுத்த வருஷம் என்று தாத்தாமார் காலத்திலிருந்து சொல்லிவந்த அந்த வருஷம் வந்தேவிட்டது. அது இரண்டாம் முறை அவர்களுக்கு வரவில்லை.

விற்பனை

கழகத்தின் பெரும்பங்கு 1950ஆம் ஆண்டிலேயே வால்ரர் ஓமாலி என்னும் வழக்கறிஞர் கைக்கு வந்திருந்தது. பல ஆண்டுகள் புறூக்லின் மக்கள் அவர் பெயரைச் சபித்தார்கள். ஆனால் அவர் கண்ட கணக்கையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மைதானம் பழையதாகிவிட்டது. யுத்தத்துக்குப் பின்னர் நடுத்தரக் குடும்பங்கள் நகரத்தை விட்டு லோங் ஐலண்ட் போன்ற புறநகர்களிற் குடியேறின. அவர்கள் இப்போது மோட்டார் வண்டியில் வரவேண்டியவர்கள். மைதானத்தருகே ஏறக்குறைய 700 வண்டிகளுக்கு மட்டுமே இடம். போதாக்குறைக்குத் தொலைக்காட்சி. அமெரிக்காவில் தலைமைக் கழகங்களின் ஆட்டம் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதே, 1939 ஆகஸ்ட் 26ஆம் திகதி, இந்த எபெற்ஸ் பீல்டிலிருந்துதான். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று அன்று மைதானம் மக்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் பின்னர் மைதானத்துக்கே வினையாயிற்று.

புறூக்லினிலேயே, புகையிரத நிலையத்துக்கு அருகில், தம் செலவிற் புதிய மைதானம் கட்ட ஓமாலி விரும்பினார். அந்தக் காணிகளைத் திரட்டித் தரும் அதிகாரம் அரசாங்கத்துக்கே உண்டு. நியூயோர்க்கின் கட்டட வேலைகளில் சர்வ வல்லமை பெற்றிருந்த றொபேட் மோசஸ் அதற்கு இணங்கவில்லை. ஒரு தனியார் வியாபாரத்துக்காகப் பொது அதிகாரத்தைப் பயன்படுத்துவது முறையன்று என்பது அவர் வாதம். குயீன்ஸ் பகுதியில் ஓரிடம் தரலாம் என்றார். புறூக்லினை விட்டுப் போவதானால் குயீன்ஸ் என்ன, கலிபோர்னியா என்ன என்பது ஓமாலியின் எண்ணம். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. மணி ஆட்டியவரையும் மேளம் அடித்தவரையும் இருவரும் கேட்கவில்லை.

1956ஆம் ஆண்டு மைதானம் ஒரு கட்டட வியாபாரிக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டில் புறூக்லினின் கடைசி ட்ராம் வண்டியும் ஓடி ஓய்ந்தது. ஊரின் பழம்பெரும் தினசரியான ஈகிள் முந்திய ஆண்டே நின்றுபோயிருந்தது. 1956 முடிவில் றொபின்சனையும் கழகம் வேறொரு கழகத்துக்குக் கைமாற்ற, அவர் போகாமல் ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றார்.

கடைசி ஆட்டம் 1957 செப்டெம்பர் 24ஆம் திகதி இரவு நடைபெற்றது. பிற்ஸ்பேர்க் கழகத்தை டொட்ஜர்ஸ் 2க்கு 0 என வென்றது. பார்க்க வந்தவர் ஏழாயிரம் பேரும் இல்லை. இடமாற்றம் இன்னும் அறிவிக்கப்படாவிட்டாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஓகன் வாசித்த கிளாடிஸ் குடிங் என்னும் பெண்மணி ஒவ்வொரு சுற்றுக்குமிடையே பிரிவைச் சொல்லும் பாடல்களையே வாசித்தார். அக்டோபர் 8ஆம் திகதி, கழகம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குப் போகிறது என்னும் அறிவித்தல் வெளியாயிற்று.

1960 பெப்ரவரி 23ஆம் திகதி இடிப்பு வேலை தொடங்கியது. இடிக்கும் இரும்புக் குண்டுக்குப் பேஸ்போல் பந்தைப் போல வெள்ளை பூசிச் சிவப்புத் தையலும் வரைந்திருந்தார்கள். கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரராயிருந்து, 1958ஆம் ஆண்டு மோட்டார் விபத்தில் முடமான றோய் கம்பனெல்லா சக்கர நாற்காலியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்விடத்தில் 1,300க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கான தொடர்மாடிகள் 1962ஆம் ஆண்டு எழுந்தன. வளவில், பந்து விளையாடக் கூடாது என்று ஓர் அறிவித்தலும் வைக்கப்பட்டது.

எஞ்சியது என்ன?

டொட்ஜர்ஸ் கழகம் லொஸ் ஏஞ்சலிஸிற் கட்டிய புதிய மைதானமும் 1962ஆம் ஆண்டே திறந்தது. அந்தக் குன்றுப் பகுதியில் முன்னர் மெக்சிக்கோ வம்சத்து ஏழைக் குடும்பங்கள் வாழ்ந்தன. அரசாங்க வீடமைப்புத் திட்டம் என்று சொல்லி 1950 தொடக்கம் அவர்களை வெளியேற்றினார்கள், வீடமைப்பு நடைபெறவில்லை. எஞ்சியிருந்த சில குடும்பங்களை 1959 மே மாதம் அதிகாரிகள் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள். புறூக்லினுக்காகக் கண்ணீர் விடுவோர் இவர்களையும் நினைக்க வேண்டும். பிக்டவுனின் குடிசைகளில் வாழ்ந்தோரையும் நினைக்க வேண்டும். ஒருவர் மனம் உருகி நினைக்கும் மைதானத்தின் அடியில் மற்றொருவரின் அடுப்பங்கரை கிடக்கக்கூடும்.

மக்களின் அன்புக்கு வலிமையே இல்லையா என்றால், அப்படியும் சொல்வதற்கில்லை. எபெற்ஸ் பீல்டுக்கு ஓராண்டு முந்திய, பொஸ்டன் நகரத்துப் பென்வே பார்க் மைதானம் இன்றும் நிற்கிறது. 1999ஆம் ஆண்டு அதைக் கைவிட்டுப் புதியது கட்டத் திட்டமிட்டார்கள். ரசிகர்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். 2002ஆம் ஆண்டு கழகம் கைமாறியபோது, புதிய உரிமையாளர் பழையதையே திருத்திப் பாதுகாத்தனர். ஊராரின் விருப்பமும் உறுதிக்காரரின் விருப்பமும் ஒன்றாகச் சேர்ந்தால் ஓரிடம் நூறாண்டும் வாழும் என்பதற்கு அது சாட்சி.

எபெற்ஸ் பீல்டுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. ஆனாலும் அது அடியோடு அழிந்துவிடவில்லை. 2009ஆம் ஆண்டு நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் திறக்கப்பட்ட சிற்றி பீல்ட் மைதானத்தின் முகப்பை அதன் சாயலிலேயே அமைத்து, வட்ட மண்டபத்துக்கு ஜாக்கி றொபின்சன் பெயரைச் சூட்டினார்கள். 42 என்னும் இலக்கத்தை இனி எக்கழகத்தாரும் எவருக்கும் வழங்குவதில்லை என்று 1997ஆம் ஆண்டு தீர்மானிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15ஆம் திகதி மட்டும் எல்லாக் கழகங்களின் எல்லா ஆட்டக்காரரும் அந்த இலக்கத்தையே அணிந்து ஆடுகிறார்கள். எபெற்ஸ் பீல்டின் ஒரு பிற்பகல் இவ்வாறு அந்த நாடு முழுவதற்கும் உரிய நாளாகிவிட்டது.

கல்லும் சலவைக்கல் மண்டபமும் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் உரியனவாயின. எஞ்சிய உரிமை, பார்த்தவர்கள் பார்த்ததைத் தம் பிள்ளைகளுக்குச் சொன்னமையால் நிலைத்தது. கதவின் அடியிற் படுத்து ஆட்டம் பார்த்த சிறுவர்கள் முதியோராகி எழுதியும் சொல்லியும் வைத்திராவிட்டால், மணியும் மேளமும் தையற்காரரின் விளம்பரமும் இன்று நமக்கு எங்ஙனம் தெரிய வரும்?

மாணவ நேயர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. உங்கள் ஊரிலும் ஒரு விளையாட்டுத் திடலோ, வாசிகசாலையோ, சந்தைக் கட்டடமோ, பழைய படமாளிகையோ இருக்கலாம், இருந்து மறைந்துமிருக்கலாம். அதன் உறுதி யாரிடம் இருக்கிறது என்பது காணிக் கந்தோரிற் பதிவாகியிருக்கும். அங்கு நடந்தது என்ன, கூடியவர் யார், புறத்தே நிறுத்தப்பட்டவர் யார் என்பன எந்தக் கந்தோரிலும் பதிவாகியிரா. அவை உங்கள் பாட்டனார் பாட்டியாரின் நெஞ்சில் மட்டுமே இருக்கின்றன. இன்று மாலை அவர்கள் அருகில் ஒரு கொப்பியும் பென்சிலுமாக உட்காருங்கள். அவர்கள் சொல்வதை ஆண்டும் இடமும் தவறாமற் குறித்துக்கொள்ளுங்கள்.